70 வளைவு மலைப்பாதையும் ஒட்டிக்கொண்ட கிளட்ச்சும்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் அதை எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். மலைக்காரர்கள் எண்ணுவதில்லை. எந்த வளைவில் முதல் கியருக்கு இறங்க வேண்டும், எங்கே பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அவர்கள் கைக்கும் காலுக்கும் தெரியும்.

பலாப்பழம், வாழைத்தார், அன்னாசி, காபிக்கொட்டை, மிளகு எல்லாம் இந்தச் சாலை வழியாகக் கீழே இறங்குகின்றன. பெரிய சரக்குக்கு வேன் இருக்கிறது. ஒரு மூட்டை, இரண்டு மூட்டை வைத்திருப்பவருக்கு மோட்டார் சைக்கிள்தான் வண்டி. அதுவும் பெரும்பாலும் பழைய வண்டி. புதியது வாங்கியவர்கூட பழையதை விற்பதில்லை. காட்டுக்குப் போக, உர மூட்டை ஏற்ற என்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறார்.

மலை ஏறி முடித்ததும் வருகிற ஊர் சோளக்காடு. சந்தை கூடும் ஊர். தை பிறந்து மிளகு பறிப்பு தொடங்கினால் இங்குள்ள மெக்கானிக் பட்டறைகளுக்கு ஒரே வகை நோயோடு வண்டிகள் வரும். மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்றுவிட்டு, அறுவடைக்கு வெளியே எடுத்தால் கிளட்ச் பிடிக்க மாட்டேன் என்கும். பிடிக்க மாட்டேன் என்பதைவிட, விட மாட்டேன் என்கும் என்று சொல்வதுதான் சரி.

வளப்பூர் நாட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் அப்படித்தான் தன் பழைய சிடி 100 வண்டியை மருமகனோடு சேர்ந்து சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய கொடியிலிருந்து பறித்துக் காயவைத்த மிளகு வீட்டில் மூட்டையாக இருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் அந்த மூட்டைதான் பதில். வண்டி ஓடவில்லை என்றால் வாசலுக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

“எத்தனை மாசமா நிக்குது மாமா?”

“ஐப்பசி மழையில நிறுத்துனது. நியூட்ரல்ல நல்லா ஸ்டார்ட் ஆவுது. கிளட்ச்சப் புடிச்சிக்கிட்டு கியர் போட்டா, ஒரே குதி. அணைஞ்சுருது.”

“குதிக்கும்போது முன்னாடி ஆள் நிக்கலையே?”

“கோழிதான் நின்னுச்சு.”

பட்டறைக்காரர் ஸ்பேனரைத் தொடவில்லை. கைப்பிடி லீவரை அழுத்திவிட்டு, என்ஜினின் வலப்பக்க மூடியில் கேபிள் வந்து சேரும் சிறு கையைப் பார்த்தார். லீவரை அழுத்தும்போது அந்தக் கை அசையாவிட்டால் கோளாறு கேபிளில். துரு பிடித்திருக்கும், அல்லது உள்ளே இழை அறுந்து சிக்கியிருக்கும். கேபிள் மாற்றினால் வேலை முடிந்தது. கை நன்றாக அசைந்தும் வண்டி குதித்தால், உள்ளே தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த வண்டியில் கை அசைந்தது. லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும், அதுவும் இருந்தது. இதைப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். பார்க்காமலே பிளேட் செட் மாற்றச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன, அது வேறு கதை.

கிளட்ச் என்பது என்ஜின் ஆயிலில் ஊறிக்கிடக்கும் தகடு அடுக்கு. உராய்வுத் தகடு ஒன்று, இரும்புத் தகடு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே ஸ்பிரிங் வைத்து இறுக்கியிருக்கும். லீவரை அழுத்தினால் இறுக்கம் தளர்ந்து தகடுகள் நழுவ வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் பழசாகிப் பசைபோல் ஆகிவிடும். கொல்லிமலையில் பனிமூட்டம் வேறு. பக்கத்துத் தோட்டம், கடை என்று குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் என்ஜின் முழுச் சூடு ஏறாது; உள்ளே சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறாது. ஆயிலோடு கலந்து பால் விட்ட காபி நிறத்துக்கு வந்துவிடும். மிளகுக் கொடிக்குப் பிடித்த ஈரம் இரும்புத் தகட்டுக்குப் பிடிப்பதில்லை. மழைக்கு முன் வாடல் நோய் வராமலிருக்க 1 சதவீத போர்டோ கலவை ஊற்ற மறக்காதவர்கள், அதே மாதத்தில் வண்டிக்கு ஆயில் மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடுகிறார்கள்.

முதல் வைத்தியம் செலவில்லாதது. வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கினார். பிறகு அணைத்து, நாலாவது கியரில் போட்டு, லீவரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி சமதரையில் முன்னும் பின்னும் வெட்டி வெட்டித் தள்ளச் சொன்னார். மாமனாரும் மருமகனும் வியர்க்க வியர்க்கத் தள்ளினார்கள். பல வண்டிகளில் இதிலேயே ‘டக்’ என்று விட்டுவிடும். விடாவிட்டால் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து ட்யூப் ரப்பரால் கட்டி ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் தள்ளிப் பார்ப்பதும் உண்டு. ஓடும் வண்டியில் கியரைத் திணித்து, பிரேக் பிடித்து விடுவிக்கிற முறை ஒன்று இருக்கிறது. மைதானத்தில் செய்தாலே ஆபத்து. மலைச்சாலையில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. வளைவில் எதிரே பஸ் வரும்போது கிளட்ச் விடாத வண்டியை நிறுத்தினால் என்ஜின் அணையும். பாரத்தோடு சரிவில் அதை மறுபடி கிளப்ப முடியாது.

இந்த வண்டி அசையவில்லை. ஆயிலை வடித்தார்கள். பால் விட்ட காபியேதான்.

கிக்கரையும் மற்றதையும் கழற்றி வலப்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். நடு நட்டைக் கழற்றப் பல் வைத்த தனி சாக்கெட் வேண்டும். உளி வைத்துத் தட்டினால் நட்டும் போகும், தண்டும் போகும். வீட்டில் முயற்சி செய்கிறவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. தகடுகள் ஒரே கட்டியாக வந்தன. தட்டையான கத்தியால் மெல்லப் பிரித்தார். இரும்புத் தகடுகளில் துருப் புள்ளிகள். மண்ணெண்ணெயில் கழுவி, நைசான எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆடினால் வளைந்துவிட்டது என்று அர்த்தம், மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் ஆடியது.

உராய்வுத் தகடுகளைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். கருகிய வாடை.

“ஏத்தத்துல பாதி கிளட்ச்சுலயே ஓட்டுறீங்க மாமா. ரெண்டாவதுல இழுக்கலைன்னா ஒண்ணுக்கு எறக்கிருங்க. கிளட்ச்ச வெச்சு இழுக்காதீங்க.”

“மூட்டை இருக்கும்ல.”

“அதுக்குத்தான் ஒண்ணாவது கியர்.”

பெட்டியின் விரல்களில் தகட்டு முனை உராய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார். லேசான பள்ளம்தான், அரத்தால் நீவினார். ஆழமாக இருந்தால் பெட்டியையே மாற்றாமல் தீராது. மூடி திறந்திருந்ததால் ஆயில் வடிகட்டும் சுழலியில் படிந்த சேற்றையும் வழித்துவிட்டார். அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை.

புதிய உராய்வுத் தகடுகளை ஆயிலில் ஊறவைத்து மாட்டினார். உலர்ந்த தகட்டை மாட்டினால் முதல் ஏற்றத்திலேயே கருகும். ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார். காருக்கான சில ஆயில்களில் வழுக்கலைக் கூட்டும் பொருள் கலந்திருக்கும். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

வடித்த பழைய ஆயிலை மருமகன் வாய்க்காலோரம் ஊற்றப் போனபோது பட்டறைக்காரர் தடுத்து, டின்னில் ஊற்றச் சொன்னார். இந்த மலையின் ஓடைகள் அய்யாற்றில் சேர்ந்து ஆகாய கங்கையாய் விழுகின்றன. பட்டறைக்குக் கீழே காபித் தோட்டம் வேறு இருக்கிறது.

மாலை நாலு மணிக்கு வண்டி கிளம்பியது. முதல் கியர் விழுந்தபோது குதிக்கவில்லை. அடுத்த மழைக்கு நிறுத்தும் முன் ஆயில் மாற்றுவது, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து சூடானதும் லீவரைப் பத்து இருபது தடவை அழுத்தி விடுவது என்ற இரண்டையும் மருமகன் செல்போனில் குறித்துக்கொண்டார். மாமனார் கூலியில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை மிளகு விற்றதும் தருவதாகச் சொன்னார். பட்டறைக்காரர் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டார். அந்தச் சுவரில் தை மாதக் கணக்குகள் வரிசையாக இருந்தன.