லேர்னிங் கர்வின் செலவு யார் கணக்கில்?

பி.காம். படிப்பவனுக்கு எண்டோஸ்கோப்பியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது! :-)

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'லேர்னிங் கர்வ்' என்று ஒரு பாடம் உண்டு. 1936-ல் டி.பி. ரைட் என்பவர் விமானத் தயாரிப்பை வைத்து எழுதியது. உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான சராசரி உழைப்பு சுமார் 20 சதவீதம் குறையும். சுருக்கமாக, கை பழகப் பழகச் செலவு இறங்கும். ஆரம்பத்தில் ஆகும் வீண்செலவு கம்பெனியுடையது.

சரி, பழகுவது ஒரு சர்ஜனின் கை என்றால்?

அமெரிக்காவில், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியைப் பெரும்பாலும் செய்வது குடல்நோய் நிபுணர்கள். சின்ன ஊர்களில் அவர்கள் கிடைப்பது அரிது. பல இடங்களில் ஜெனரல் சர்ஜன்தான் செய்கிறார். அதனால் சர்ஜரி பயிற்சியில் குறைந்தது 35 மேல்வயிற்று எண்டோஸ்கோப்பி, 50 கொலோனோஸ்கோப்பி என்று விதி வைத்தார்கள். எண்டோஸ்கோப்பி சங்கமோ, 140 கொலோனோஸ்கோப்பி செய்த பிறகுதான் ஒருவரின் திறமையை எடைபோடவே முடியும் என்றது. 50 எங்கே, 140 எங்கே...

என் பார்வையில் இரண்டுமே எண்ணிக்கைதான், தரம் இல்லை. ஒருவருக்கு 50-லேயே கை வந்துவிடலாம், இன்னொருவருக்கு 140-லும் வராமல் போகலாம்.

இதற்கு சர்ஜன்கள் சங்கமான சேஜஸ் ஒரு தேர்வை உருவாக்கியது. எழுத்துத் தேர்வோடு, சிமுலேட்டரில் ஐந்து வேலைகள்: குழாயை ஓட்டிச் செல்வது, அது உள்ளே சுருண்டால் நேராக்குவது, நுனியை மடக்கித் திரும்பிப் பார்ப்பது, உட்சுவரை விடாமல் ஆராய்வது, கருவியைக் குறிபார்த்துச் செலுத்துவது. 2017-18-ல் பயிற்சி முடித்தவர்கள் முதல், போர்டு சான்றிதழுக்கு இதில் தேற வேண்டும் என்று விதி வந்தது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான். முதல் தடுமாற்றங்களின் செலவை எந்திரம் ஏற்கிறது. சிமுலேட்டரில் தப்பு செய்தால் மறுபடி ஆரம்பிக்கலாம். மனிதக் குடலில் ஓட்டை விழுந்தால் ஆபரேஷன் வரை போகும். அதுகூட சீக்கிரம் தெரிந்துவிடும். கண்ணில் படாமல் விட்ட ஒரு பாலிப், சில வருடம் கழித்துப் புற்றுநோயாக வந்து நிற்கலாம். அந்த நஷ்டம் பயிற்சிக் கணக்கில் எங்கேயும் பதிவாகாது. நோயாளிதான் தனியாகச் சுமப்பார்.

சிமுலேட்டர் வந்தாலும் ஒவ்வொரு டாக்டருக்கும் முதல் நோயாளி என்று ஒருவர் இருந்தே தீருவார். அவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு சீனியர் நிற்க வேண்டும். செலவைச் சுமப்பவரிடம் சம்மதம் கேட்பதுதானே நியாயமான வியாபாரம்?