சின்னாற்று நரை அணில்

மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையை நம் அன்பர்கள் பலரும் அறிவர். தோட்டத்திலிருந்து பொங்கலுக்கும் திருமணங்களுக்கும் ஊர் திரும்புங்கால், மறையூரைக் கடந்ததும் குளிர் அகன்று வெயில் சுடத் தொடங்கும். பிள்ளைகள் கம்பளிச் சட்டையைக் கழற்றுவர். எத்தனையோ ஆண்டுகள் அவ்வழியே சென்றிருந்தும், சின்னாற்றுச் சோதனைச் சாவடியில் பேருந்து நிற்கும் சில நிமிடங்கள் தவிர, அக்காட்டை நாங்கள் பொருட்படுத்தியதே இல்லை. சென்ற கோடையில்தான் மகனின் வற்புறுத்தலால் குடும்பத்துடன் அங்கே இறங்கினோம்.

சின்னாறு 1984-ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மலை மறைவிலுள்ளதால் மழை குறைவு, முட்புதர்களே மிகுதி. ஆயினும் கிழக்கு நோக்கி ஓடி அமராவதியில் சேரும் பாம்பாற்றின் கரைகளில் மட்டும் நீர்மருதும் மாவும் புங்கமும் ஓங்கி, ஒரு பச்சை நாடாவைப்போல் நீண்டு கிடக்கின்றன. நரை அணிலின் உலகம் அந்த நாடாதான்.

பறம்பிக்குளம் போன்ற ஈரக் காடுகளில் காணும் செம்மேனி மலையணில் வேறு, இது வேறு. சாம்பல் கலந்த பழுப்பு உடலில், குறிப்பாக வாலில், வெண்ணுனி மயிர்கள் விரவியிருப்பதால் நரைத்தது போலத் தோன்றும். எடை ஏறக்குறைய 1.5 கிலோ. நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணிற்பிள்ளையை எண்ணிச் சென்ற நாங்கள் திகைத்தே போனோம். உலகில் இவ்வினம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. இதன் பொருட்டே திருவில்லிபுத்தூரில் 1988-இல் தனிச் சரணாலயம் அமைத்தனர்.

எங்களுடன் வந்த வனக் காவலர் முதியவர். ஒரு மருத மரத்தின் உச்சியில் சுள்ளியும் இலையும் சேர்த்துக் கட்டிய உருண்டைக் கூட்டைக் காட்டினார். பக்கத்து மரத்தின் கிளை வந்து தொடும் இடமாகப் பார்த்துத்தான் அது கூடு கட்டுமாம். பகை வந்தால் ஓடத் தெரு வேண்டுமல்லவா? தரையில் அது இறங்குவது மிக அரிது.

கூட்டுக்கு அப்பால் அணில் ஒன்று காய் கொறித்துக்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லையே என்று நாங்கள் கைகளைத் தட்டினோம். (பிள்ளைகளைக் காட்டிலும் பெரியவர்களுக்கே இவ்வாசை மிகுதி.) அது வாலைச் சுழற்றி, கிளைவிட்டுக் கிளை தாவி, கரையோரத்துக் கடைசி மரத்துக்கு ஓடிற்று. அதற்கப்பால் வெறும் வானம். முன்பொரு வெள்ளத்தில் அங்கிருந்த மரம் சாய்ந்துவிட்டதாம். பின்னே நாங்கள், முன்னே வழியில்லை. கிளையோடு கிளையாக உடலை ஒட்டி, அசையாது கிடந்தது.

“தட்டாதீர்கள், ஐயா! நாம் விலகினாலன்றி அது திரும்பாது” என்றார் காவலர். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே எங்களுக்கு மிகுந்த வெட்கத்தைத் தந்தது.

நூறு அடி பின்வாங்கிப் பாறைமேல் அமர்ந்தோம். கால் மணி நேரம் சென்றிருக்கும். பிள்ளைகள்கூட வாய் திறக்கவில்லை. முதலில் வால் மட்டும் அசைந்தது. பிறகு, வந்த கிளை வழியே ஒவ்வோர் அடியாகத் திரும்பிக் கூட்டு மரத்தை அடைந்தது.

மாலைப் பேருந்தில் மகன் சன்னலோரம் அமர்ந்து, எந்த மரம் எந்த மரத்தைத் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தான். அமராவதி அணை தெரியும் வரையில் எங்களோடு பேசவில்லை.