ஸிட்னி வீட்டில் ஒரு தாடி ஓணான்

நம் ஊரில் ஓணானைக் கண்டால் பையன்கள் கல்லெடுப்பார்கள். சின்ன வயசில் நானும் கல் பொறுக்கிக் கொடுத்தவள்தான். அந்தப் பாவமோ என்னவோ, 2023-ம் வருஷம் ஆஸ்திரேலியாவில் ஒரு ஓணானுக்கு நான் ஆயா வேலை பார்க்கும்படி ஆயிற்று!

ஆகஸ்ட் கடைசியில் ஸிட்னியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அது குளிர்காலம் முடிகிற சமயம். கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே, வாலோடு சேர்த்து ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஒரு பிராணி. கழுத்தடியில் முள் முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் தாடி உப்பிக் கறுத்துவிடும். நம் ஓணானும் இதுவும் ஒரே குடும்பமாம். தங்கை மகனுக்குப் பன்னிரண்டு வயசு. அதற்கு ‘சுப்பு’ என்று பெயர் வைத்துக் கொஞ்சுகிறான். அந்த மாநிலத்தில் இதை வளர்க்க அரசாங்க லைசென்ஸ் வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வரக் கூடாது. லைசென்ஸ் தங்கை பேரில். உழைப்பு முழுக்கப் பையனுடையது.

காலையில் இலைகளும் பரங்கிக்காயும் பொடியாக நறுக்கி வைப்பான். வாரத்தில் சில நாள், கால்சியம் பொடியில் பிரட்டிய சுவர்க்கோழிப் பூச்சிகள். பசலைக்கீரை அடிக்கடி கூடாதாம். உடம்பில் கால்சியம் சேராமல் தடுக்கும். அவகாடோ பழம் அதற்கு விஷம்.

தங்கையும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். சுப்புவைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. இந்த ஜாதிப் பிராணிகள் உடம்பில் ஸால்மொனெல்லா கிருமி இருக்கலாம். பேதியும் காய்ச்சலும் வரும். ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் இதை வளர்க்காமல் இருப்பதே நல்லது.

இனி என் குட்டு. பெட்டியின் ஒரு கோடியில் சூடு தரும் விளக்கு, பக்கத்தில் அல்ட்ரா வயலட் ட்யூப் லைட். பகல் பூரா இரண்டும் எரியும். எனக்கு மனசு கேட்கவில்லை. ‘ஜன்னல் வழியே வெயில் வருகிறதே, ஓணானுக்கு எதற்குக் கரண்ட் தண்டம்?’ பையன் பள்ளிக்கூடம் போனதும் அணைப்பேன். வருவதற்கு முன் போட்டுவிடுவேன்.

ஒரு வாரத்தில் சுப்பு சாப்பாட்டை நிறுத்திவிட்டது. உடம்பு கறுத்து, கண்ணை மூடி ஒரே இடத்தில் கிடந்தது. பையன் ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

“விளக்கு சரியாக எரிகிறதா?” என்று அவர் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். நம்மைப் போல் இதற்கு உடம்பிலிருந்தே சூடு பிறக்காது. குளிர் காயும் இடத்தில் சுமார் நாற்பது டிகிரி இருந்தால்தான் தின்றது ஜீரணமாகும். பெட்டியின் மறு கோடி குளுமையாக இருக்க வேண்டும். சூடு அதிகமானால் அங்கே நகர்ந்துவிடும். அந்த ட்யூப் லைட் இல்லாவிட்டால் உடம்பில் டி வைட்டமின் ஊறாது. எலும்பு மெலிந்து வளைந்துவிடும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் நான் நம்பிய வெயில் பிரயோசனமில்லை.

விளக்கைப் போட்டதும் நாலைந்து நாளில் சுப்பு எழுந்து பூச்சி தின்றது. பையன்தான் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் கடைசியில் பள்ளிக்கு லீவு விட்டதும், சுப்புவைச் சிநேகிதர் ஒருவரிடம் விட்டுவிட்டுக் காரில் கிளம்பினோம். நீலமலைத் தொடரைத் தாண்டி, 400 கிலோமீட்டரில் டப்போ. அங்கே ராத் தங்கல். மறுநாள் நிங்கன் வழியாக, ஸிட்னியிலிருந்து 700 கிலோமீட்டரில் கோபார் என்ற தாமிரச் சுரங்க ஊர். போகப் போகப் பச்சை குறைந்து மண் செங்கல் நிறமாகிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் குட்டை மரங்கள். வெயில் தலையில் அடித்தது.

ஊருக்கு முன்னால் பையன் “நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்தினான். வேலிக் கம்பத்தின் உச்சியில் சுப்புவின் சாயலிலேயே ஒன்று, ராஜா மாதிரி தலையைத் தூக்கி உட்கார்ந்திருந்தது! நாங்கள் கிட்டே போனதும் மெதுவாக இறங்கிப் புதருக்குள் போய்விட்டது.

“பெரியம்மா, இங்க கையை வச்சுப் பாருங்க” என்றான். இத்தனை நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அது உட்கார்ந்திருந்த கம்பத்தைத் தொட்டேன். தோசைக்கல்லை அப்போதுதான் இறக்கி வைத்த மாதிரி ஒரு கதகதப்பு.

நான் தண்டம் என்று அணைத்தது இந்த வெயிலைத்தான். காட்டில் பிறந்த ஜாதியைப் பெட்டிக்குள் வைத்தால், அதன் ஊர் வெயிலையும் நாம்தானே கொடுக்க வேண்டும்? வாயில்லாத ஜீவன், “குளிருது” என்று கேட்குமா?

ஊர் திரும்பிய பிறகு, எங்கள் வீட்டு வேலியில் ஓணான் வெயில் காய்வதைப் பார்த்தால் நின்று பார்க்கிறேன். தெருப் பையன்கள் கல்லெடுத்தால், “டேய், அது சாப்பிட்டது ஜீரணமாக வேணாமா? போங்கடா!” என்று விரட்டுகிறேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டுமே!