ஒரு மணி, இரு காலை

கடிகாரம் காட்டும் மணி வேறு. கதிரவன் காட்டும் பொழுது வேறு. இந்திய நாடு முழுமைக்கும் இன்று வழங்கும் மணி ஒன்றே. மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு, 1906-ஆம் ஆண்டில் அது வகுக்கப்பட்டது.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் செல்லும். கிழக்கே அஸ்ஸாமின் திப்ருகருக்கும், மேற்கே குசராத்தின் கட்சுப் பகுதியிலுள்ள பன்னி புல்வெளிக்கும் இடையே ஏறத்தாழ 25 பாகை உண்டு. ஆதலின், திப்ருகரில் உச்சிவேளை கழிந்து ஏறத்தாழ 100 நிமிடம் சென்ற பின்னரே பன்னியில் கதிரவன் உச்சிக்கு வருகிறான்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பகலொளி வேண்டும். அஸ்ஸாமிலோ பொழுது விரைவில் சாய்ந்துவிடும். பொதுமணியையே பற்றி நின்றால் காலையொளி வீணாகும். மாலை வேலை இருளில் முடியும். ஆகவே, தோட்டங்கள் பல பொதுமணிக்கு ஒரு மணி முந்திய நேரத்தைக் கைக்கொண்டன. 'பாகான் நேரம்' என்பது அதன் பெயர். 'பாகான்' என்றால் தோட்டம்.

பன்னியில் வாழும் மால்தாரிகள் கால்நடை வளர்ப்போர். அவர்கள் கடிகாரத்தை மாற்றவில்லை, வேலைப்பொழுதையே மாற்றினர். பகல் வெம்மைக்கு அஞ்சி, எருமைகளை இரவில் மேயவிடுகின்றனர். அவை காலையில் தாமே வீடு திரும்பும். அதன்பின் பால் கறப்பர். அவ்வேளையில் திப்ருகரின் தோட்டங்களில் வெயில் நன்கு ஏறியிருக்கும்.

இருப்புப்பாதைக்கும் அலுவலகத்திற்கும் பொதுமணி இன்றியமையாதது. எனினும், மணி என்பது மாந்தர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடே. உழைப்பவர் நலத்திற்காக மணி அமைய வேண்டுமேயன்றி, மணிக்காக உழைப்பவர் ஒளியை இழத்தல் தகாது.