999 ஆண்டுக் குத்தகை

கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு பென்னிகுயிக் படம் தொங்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைத்தவர்களும் உண்டு. பாலார்பட்டியில் தை பிறந்தால் அவருக்குப் பொங்கல். லோயர்கேம்பில் 2013 முதல் மணிமண்டபம். அணை எழுப்பியவரை இப்படிக் கும்பிடும் நாங்கள், அந்த அணைக்கு இடம் தந்த ஒப்பந்தத்தைப் படித்தவர்களல்லர்.

1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான குத்தகை அது. திருவிதாங்கூர் அரசு 8000 ஏக்கரை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்கு ஆங்கிலேயருக்கு விட்டது. குத்தகைக்காரர் விரும்பினால் இன்னொரு 999 ஆண்டு! எந்த மன்னர் மனமுவந்து இப்படி எழுதித் தருவார்? விடை அதற்கு முந்தைய ஏடுகளில் இருக்கிறது. திப்புவின் படையெடுப்புக்குப் பின் 1795இல் கம்பெனியோடு திருவிதாங்கூர் செய்துகொண்டது பாதுகாப்பு உடன்படிக்கை. 1805இல் அது மேலும் இறுகியது. படைச் செலவும் மன்னருடையது, உள்நாட்டு ஆட்சியில் தலையிடும் உரிமையோ கம்பெனியுடையது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி அதன் எதிரொலிதான். அந்த உடன்படிக்கை வழியே வந்தமர்ந்த ரெசிடெண்ட்தான் 1886இல் ஆங்கிலேயர் தரப்பில் கையெழுத்திட்டார். காவலுக்கு வந்தவரே குத்தகைக்கும் வந்து நின்றால் வீட்டுக்காரர் என்ன பேரம் பேச முடியும்?

இதை ஒப்புக்கொள்வது எங்களுக்கு எளிதாக இல்லை. 1947இல் சமஸ்தான உடன்படிக்கைகளோடு இதுவும் காலாவதியாயிற்று என்று கேரளம் வாதிட்டது. இது அரசியல் உடன்படிக்கையன்று, சாதாரணக் குத்தகையே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறி, 142 அடி வரை நீரைத் தேக்கவும் இசைந்தது. சட்டப்படி நியாயம் எங்கள் பக்கம். இரண்டு போக நெல்லும் அந்த நீரில்தான். மலைக்கு அப்பால் இருப்பவர்களுக்கோ அது பறிகொடுத்த நிலம். கூடவே அணை குறித்த அச்சம். 1970இல் இரு மாநிலங்களும் வாடகையை 30 ரூபாயாக்கி, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்குத் தந்து ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்டன. அந்த ஆறாத மனம் மட்டும் எந்தத் திருத்தத்திலும் இடம்பெறவில்லை.

2011 டிசம்பரில் அது வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். நாங்களும் நடந்தோம், தொண்டை கட்டக் கத்தினோம். விடியலில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் நின்றுபோயின. மலையிலேயே தங்கி வேலை செய்தவர்கள் காட்டுப்பாதை வழியாக இறங்கி வந்தார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவரும் இரண்டு பிள்ளைகளோடு அப்படித்தான் வந்து சேர்ந்தார். காலெல்லாம் முள். உரிமை, ஒப்பந்தம் என்று நாங்கள் விளக்கப் புகுந்தபோது, "மூணு வாரக் கூலி அங்கன நிக்கிது தம்பி" என்றார்.

பதற்றம் தணிந்து ஜீப்புகள் மறுபடியும் ஏறத் தொடங்கியதும் அவர்தான் முதலில் கிளம்பினார். பயமாயில்லையா என்று கேட்டோம். "காய் பழுத்துக் கெடக்கும்ல" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். நிலுவைக் கூலியை முதலாளி குறையில்லாமல் எண்ணிக் கொடுத்தாராம்.