பொங்கல் லீவும் வரித்தலை வாத்துகளும்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் மூலைக்கரைப்பட்டியை அடுத்து இருக்கிறது கூந்தன்குளம். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டுப் புறவாசல் மரங்களிலேயே கூடு கட்டும். தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் பாய்வதால் உரச்செலவு குறைகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பறவைக்கும் விவசாயிக்கும் இங்கே சண்டையே கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவதுண்டு. அது முக்கால்வாசி உண்மை.

மீதிக் கால்வாசியைக் குளத்துக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர் வீட்டில் பார்க்கலாம். அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி சென்னையில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்தால் ஆச்சி அவிக்கும் பனங்கிழங்கு ஒன்று, தாத்தாவோடு விடியற்காலையில் குளத்தங்கரைக்குப் போவது ஒன்று, இந்த இரண்டும் போதும் அவளுக்கு. மற்றப் பிள்ளைகள் போர்வைக்குள் கிடக்கும் நேரத்தில் இவள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

அவள் பார்க்கப் போவது வரித்தலை வாத்துகளை. சாம்பல் உடம்பு, மஞ்சள் அலகு, வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இமயமலையைத் தாண்டி வருகின்றன. 7,000 மீட்டருக்கும் மேலே இவை பறந்ததைக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் இறுகப் பிடித்துக்கொள்ளும் ரத்தம் இவற்றுக்கு. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விடப்பட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் கண்டிருக்கிறார்கள். பகலில் தண்ணீரில் ஓய்வு, இரவில் மேய்ச்சல். விடியும்போது கூட்டம் கூட்டமாகக் குளத்துக்குத் திரும்பும்.

இந்த வாத்துகள் குடும்பமாகவே பயணம் செய்பவை. முதல் வருடக் குளிர்காலம் முழுக்கக் குஞ்சுகள் தாய் தகப்பனோடுதான் இருக்கும். வந்த புதிதில் அவற்றின் தலையில் கோடு தெளிவாக இருக்காது. அதை வைத்துத்தான் பேத்தி ஒரு குடும்பத்தை அடையாளம் வைத்திருந்தாள்: அப்பா, அம்மா, கோடு சரியாக விழாத மூன்று பேர். தினமும் ஐந்தும் வந்துவிட்டதா என்று எண்ணிய பிறகுதான் வீடு திரும்புவாள். பொரியும் சோறும் கொண்டுபோய்ப் போடவேண்டும் என்று ஒரு நாள் அடம்பிடித்தாள். தாத்தா விடவில்லை. அது சரியான முடிவு. காட்டுப் பறவைக்குத் தீனி போட்டுப் பழக்கக்கூடாது. சீனாவின் சிங்காய் ஏரியில் 2005-ல் பறவைக் காய்ச்சலால் ஏராளமான வரித்தலை வாத்துகள் செத்தன. நாட்டுக்கோழி, வளர்ப்பு வாத்து வைத்திருப்பவர்கள் அவற்றை இப்படிப்பட்ட குளத்தோரம் மேய விடாமல் இருப்பது நல்லது.

இனி அந்தக் கால்வாசி. அந்த வருடம் குளத்துக்குத் தண்ணீர் பிந்தி வந்ததால் மார்கழிக் கடைசியில்தான் அம்பை 16 நட்டிருந்தார்கள். பொங்கலுக்கு முதல் நாள் காலை, குளத்தையொட்டிய மூலையில் நாற்று கடிபட்டும் மிதிபட்டும் கிடந்தது. இப்போது வயலைப் பார்ப்பது பெரியவரின் மகன். அவருக்குக் கோபம் வந்ததில் தவறே இல்லை. நடவுக் கூலி கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"எப்பா, நீங்க இவளக் கூட்டிட்டுப் போயி வேடிக்கை காட்டுதிய. அது நம்ம வயலத்தான் மேஞ்சிருக்கு. வெளியூர்ல போயி நாலு வெடி வாங்கிட்டு வாரேன்."

"வேண்டாம் மாமா, அந்த மூணு குஞ்சும் பயந்து வழி மாறிப் போயிடும்."

"குஞ்சா? ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ இருக்கும்ளா!"

பெரியவர் இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை. "எம்புட்டுப் போயிருக்குன்னு மொதல்ல எண்ணுவோம்" என்று பேத்தியை வரப்பில் இறக்கிவிட்டார். அவள் குத்துக் குத்தாக எண்ண, அவர் குச்சி நட்டுக்கொண்டே போனார். மொத்தம் நாலு சென்ட். அதிலும் பாதிக் குத்துகளில் இலை நுனிதான் போயிருந்தது. நெல்லுக்கு இந்த வயதில் குருத்து வளரும் இடம் அடியில் மண்ணை ஒட்டி இருக்கும். மேலே கடித்தாலும் வேர் பிடித்திருந்தால் திரும்பத் தழைத்துவிடும். பிடுங்கி எறியப்பட்ட குத்துகளுக்குத்தான் மாற்று நாற்று வேண்டும். நட்ட ஏழு முதல் பத்து நாளுக்குள் போக்கிடம் நிரப்பினால் பயிர் சேர்ந்து வரும். அதற்கு மேல் போனால் பலன் குறைவு. நல்லவேளையாக வரப்போரம் மிச்ச நாற்று முடிகளைச் சொருகி வைத்திருந்தார்கள். நாற்று மிஞ்சினால் அள்ளிப் போட்டுவிடும் விவசாயிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாலு சென்ட் என்பது ஒன்றரை ஏக்கர்காரருக்குத் தாங்கும். அரை ஏக்கர்காரருக்கு அதுவே பெரிய அடி. பறவையை நேசிக்கச் சொல்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

காணும் பொங்கலுக்கு மணிமுத்தாறு அருவிக்குப் போவதாக இருந்தது. போகவில்லை. கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு மொத்தக் குடும்பமும் வயலில் இறங்கியது. ஆச்சியும் அத்தையும் வேகமாக நட்டுப்போக, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பழகிய பேத்தியின் அப்பா சேற்றில் காலை எடுக்க முடியாமல் நின்றார். அன்று சிரித்த சிரிப்புக்கு அருவிக் குளியல் ஈடாகாது. சாப்பிட்ட பிறகு மாமாவே சைக்கிளில் போய்க் கயிறு வாங்கி வந்தார். மூலை வயலின் குறுக்கே ஐந்தாறு அடிக்கு ஒன்றாகக் கயிறு இழுத்து, மினுமினுக்கும் நாடாவைத் தொங்கவிட்டார்கள். கனத்த பறவை என்பதால் இறங்கத் திறந்த வெளி வேண்டும். குறுக்கே கயிறு இருந்தால் தயங்கும். வலை விரிப்பது கூடாது. கால் சிக்கிச் செத்துப்போகும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கும் வரும்.

மறுநாள் காலை வாத்துகள் எதிர்ப்பக்கத்துத் தரிசில் மேய்ந்துவிட்டு வந்தன. பேத்தி எண்ணினாள். ஐந்து. அன்று சாயங்காலம் ரயிலேறிவிட்டாள்.

அதன்பின் வாரத்துக்கு ஒரு முறை போன். பங்குனி பிறந்ததும் ஒரு நாள் பெரியவர் சொன்னார்: "ரெண்டு நாளாக் கூட்டத்தக் காணும்மா. ஊருக்குப் பொறப்பட்டுட்டு போல."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "நாம நட்ட மூலை எப்படி இருக்கு தாத்தா?" என்றாள்.

"கதிரு வந்துட்டு. மத்த இடத்தவிட நாலு நாளு பிந்தி. மாமா இன்னும் கயித்த அவுக்கல, அடுத்த வருசத்துக்கும் ஆவும்ங்கான்."