சுவர் பொது, சத்தமும் பொது

கெம்பஸ் லீவுக்கு நமுனுகுலவுக்கு வந்தப்போ ஒரு சப்வூஃபர் செய்தேன். 10 இஞ்சி ஸ்பீக்கர், 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை, காற்று போய்வர ஒரு பிவிசி பைப். பைப் நீள நீளப் பெட்டி கீழ்ச்சுருதிக்கு இறங்கும். வெட்டி வெட்டி 35 ஹேர்ட்ஸுக்குக் கொண்டுவந்தேன்.

படம் போட்டதும் கூரைத் தகரமே அதிர்ந்தது. எனக்கு ஒரே சந்தோசம். அப்பதான் பக்கத்துக் காம்பரா அக்கா கதவைத் தட்டினாங்க: "தம்பி, காலையில மலைக்குப் போகணும். கொஞ்சம் கொறைங்கப்பா."

35 ஹேர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட 10 மீட்டர் நீளம். லயத்துச் சுவர் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. பெட்டியை அளந்த நான் சுவருக்கு அந்தப் பக்கத்தை அளக்கல.

பைப்பில் துணியை அடைத்தேன், அதிர்வு அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டையும் கூப்பிட்டுப் படம் போட்டேன். பாதியில அவங்களே சொன்னாங்க: "இப்ப அந்தத் துணிய எடுங்க தம்பி."